நிழலிற் படாத நோய்கள்

நேயர்களே, எலும்பு என்றவுடன் நம் மனத்திலே தோன்றுவது பெரும்பாலும் உயிரற்ற ஒரு பொருளின் உருவமே. உடலைத் தீயிலிட்ட பின்னரும் எஞ்சுவது எலும்பு. மண்ணிலே புதைத்தாலும் நெடுங்காலம் நிலைப்பது எலும்பு. ஆதலினால் அதனை உடம்பென்னும் வீட்டைத் தாங்கி நிற்கும் தூணென்றும் கைமரமென்றும் எண்ணிப் பழகிவிட்டோம். உயிரோடிருக்கும் மனிதனின் எலும்போ அத்தகையதன்று. வளர்ந்த ஒருவரின் உடலிலே பொதுவாக 206 எலும்புகள் உள. அவற்றினுள்ளே இரத்தம் ஓடுகின்றது, நரம்புகள் செல்லுகின்றன. பழைய எலும்பைக் கரைக்கும் கலங்களும் புதிய எலும்பைக் கட்டும் கலங்களும் இடையறாது தொழில் புரிகின்றன. எலும்பின் உள்ளறைகளிலே மச்சை என்னும் மென்பொருள் நிறைந்திருக்கின்றது. நம் இரத்தத்தின் செங்கலங்கள் பிறப்பதும் அங்கேதான்.

உயிருள்ள பொருளாதலின் அதற்கு நோயும் உண்டு. எலும்பு முறிவைக் கண்ணாற் காணலாம். கையாற் தடவி அறியலாம். ஆனால் எலும்பின் உள்ளே தொடங்கி, உள்ளேயே வளர்ந்து, அதன் வடிவம் சிதைந்த பின்னரே வெளிப்படுகின்ற அரிய நோய்கள் சில உள. அவற்றால் வருந்துபவர் வைத்தியரிடம் சென்று, “இடுப்பிலே நோகின்றது, நடக்க முடியவில்லை” என்பார். வைத்தியர் படம் எடுத்துப் பார்த்து, “எலும்பிலே ஒரு குறையும் இல்லையே” என்பார். இருவர் கூறுவதும் உண்மை. நோவும் உண்மை, படமும் பொய் சொல்லவில்லை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையிலே அகப்பட்டுக்கொண்டு, காலம் தவறியதால் மூட்டை இழந்தவர் பலர். அந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது, அது எவ்வாறு குறைந்து வந்தது என்னும் வரலாறே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

வரலாறு தொடங்குவது ஜேர்மனியிலுள்ள வூர்ட்ஸ்பேர்க் நகரில். 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் திகதி, பௌதிகப் பேராசிரியர் வில்ஹெம் கொன்ராட் ரொண்ட்ஜன் தமது ஆய்வுகூடத்திலே புதிய கதிர் ஒன்றினைக் கண்டார். அதன் இயல்பு அறியப்படாமையால் கணிதத்திலே அறியாக் கணியத்தைக் குறிக்கும் எழுத்தையே அதற்குப் பெயராக வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி தம் மனைவியின் கையை அக்கதிரின் வழியில் வைத்துப் படம் பிடித்தார். தசை மங்கலாய் மறைய, விரலெலும்புகளும் மோதிரமும் கருநிழலாய்த் தெரிந்தன. உயிரோடிருக்கும் ஒருவரின் எலும்பை, உடலைக் கிழிக்காது உலகம் கண்டது அப்போதுதான். 1901ஆம் ஆண்டு நோபல் பரிசுகள் முதன்முறையாக வழங்கப்பட்டபோது பௌதிகத்துக்கான பரிசு ரொண்ட்ஜனுக்கே கிடைத்தது.

இக்கண்டுபிடிப்பு எலும்பு வைத்தியத்துக்குச் செய்த உதவியை அளவிட்டுச் சொல்லுதல் அரிது. ஓர் உதாரணம் கூறுவோம். நாலு முதல் எட்டு வயது வரையுள்ள சிறுவர் சிலர் காரணமின்றி நொண்டத் தொடங்குவதும், இடுப்பிலோ முழங்காலிலோ நோவென்று சொல்லுவதும் முன்னரும் உண்டு. அக்காலத்தில் அது இடுப்பு மூட்டிலே பற்றிய காசநோய் என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. காசநோய்க்கு அன்றிருந்த சிகிச்சையோ, பிள்ளையை மாதக்கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்காகக் கட்டிலிற் கிடத்தி வைத்தல். 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லெக், பிரான்சில் கல்வே, ஜேர்மனியில் பேர்தெஸ் என்னும் மூவர், ஒருவரையொருவர் சாராது, எக்ஸ் கதிர்ப் படங்களின் துணைகொண்டு இது காசநோய் அன்று, தனியானதொரு நோய் என்று எழுதினர். தொடையெலும்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டு அப்பகுதி நலிவதே அந்நோய். இன்றும் அம்மூவர் பெயராலேயே அது வழங்குகின்றது.

அதே 1910ஆம் ஆண்டிலே, வியன்னா நகரத்துக் கதிர்ப்பட வைத்தியர் ரொபேர்ட் கீன்பொக் மற்றுமொரு நோயை விவரித்தார். மணிக்கட்டிலுள்ள எட்டுச் சிறு எலும்புகளுள் பிறை வடிவினதாகிய ஒன்று இரத்தமின்றி மெல்ல நொறுங்கிப்போவதே அது. கையால் வன்றொழில் செய்யும் இளைஞரிடத்து இதனை அதிகமாகக் காணலாம். கையை ஊன்றித் தொழில் செய்பவனுக்கு அந்தச் சிறு பிறை நொறுங்கிப் போதல் சோற்றுக்கே கேடு விளைக்கும் அன்றோ? இவ்வாறு, பெயரில்லாதிருந்த நோய்கள் பெயர் பெற்றன. பெயர் பெற்றதால் பிறவற்றினின்றும் பிரித்தறியப்பட்டன.

ஆயினும் எக்ஸ் கதிருக்கு ஓர் எல்லை உண்டு. அக்கதிர் காட்டுவது எலும்பின் நிழலை. நிழலை உண்டாக்குவது எலும்பிலுள்ள கல்சியம் முதலிய கனிப்பொருள்கள். கனிப்பொருள் உள்ள இடம் கதிரை மறிக்கும். அஃது இல்லாத இடம் கதிரை விட்டுவிடும். மச்சையும் கசியிழையமும் நாண்களும் அக்கதிருக்கு ஏறக்குறைய ஒரே தன்மையனவாகவே தோன்றும். கனிப்பொருள் ஓரிடத்திற் குறைந்தாலும், ஏறத்தாழ 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்த பின்னரே சாதாரண படத்திலே கண்ணுக்குத் தெளிவாகும். அதனினும் வியப்பானதொன்றுண்டு. இரத்தம் கிடையாது ஓர் எலும்புப் பகுதி இறந்துபோனால், அதிலுள்ள கலங்கள் மடிகின்றனவேயன்றிக் கல்சியம் உடனே எங்கும் போய்விடுவதில்லை. ஆகவே உயிருள்ள எலும்பின் நிழலும் இறந்த எலும்பின் நிழலும் தொடக்கத்திலே ஒன்றேயாகும்.

இதன் விளைவை முதலிலே நன்கு எடுத்துக்காட்டியவர்கள் தொழிலாளர்கள். ஹம்பேர்க் நகரிலே எல்ப் ஆற்றின் கீழ்ச் சுரங்கவழி ஒன்று அமைக்கப்பட்டு, 1911ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. ஆற்று நீர் உள்ளே புகாதபடி, காற்றை மிகுந்த அமுக்கத்திலே செலுத்தி அதனுள் மனிதரை வேலை செய்வித்தனர். அத்தகைய அமுக்கத்தில் நின்று விரைந்து வெளியேறினால், உடலிற் கரைந்திருந்த நைதரசன் வாயு குமிழியாகப் பிரியும். அவ்வாறு துன்புற்ற தொழிலாளர் சிலரின் மூட்டுகள் பிற்காலத்திலே சிதைந்து போனதை போர்ன்ஸ்டைன், பிளாட்டே என்னும் வைத்தியர்கள் அக்காலத்திலேயே பதிவு செய்தனர். சுரங்கவழி கட்டி முடிந்தது, கூலியும் கொடுத்தாயிற்று, பின்னரே எலும்பு இடிந்தது. இடிந்த பின்பே படம் அதைக் காட்டியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நோய்க்குப் புதியதொரு காரணமும் வந்து சேர்ந்தது. 1949ஆம் ஆண்டு கோர்ட்டிசோன் என்னும் மருந்து மூட்டுவாத நோயாளருக்கு அளித்த சுகத்தைக் கண்டு உலகமே வியந்தது. அடுத்த ஆண்டே அதற்கான ஆராய்ச்சி நோபல் பரிசு பெற்றது. அவ்வினத்து மருந்துகளாகிய ஸ்டீரொயிட்டுகள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன, இன்றும் காக்கின்றன. ஆயின் அவற்றை மிகுதியாக உட்கொண்டவர் சிலருக்குத் தொடையெலும்பின் தலை இறந்துபோகின்றது என்பது 1950களின் பிற்பகுதியிலிருந்து தெரிய வந்தது. மிகுந்த மதுப்பழக்கம், அரிவாட்கல இரத்தநோய், தொடையெலும்பின் கழுத்து முறிதல் ஆகியனவும் இதற்குக் காரணங்களாகும்.

தொடையெலும்பின் தலை ஒரு பந்துபோல இடுப்புக் கிண்ணத்திலே பொருந்தி நிற்பது. உடலின் பாரம் முழுவதும் அதன்மேல் இறங்குகின்றது. அதன் உட்பகுதி இறந்தபின் சில மாதங்களோ சில ஆண்டுகளோ வடிவம் கெடாமல் நிற்கும். பின்னர் ஒருநாள் மேற்பரப்பு அமிழ்ந்துவிடும், பந்து தட்டையாகும், மூட்டு தேயும். தட்டையான பந்தை மீண்டும் உருண்டையாக்க எந்த வைத்தியராலும் இயலாது. அதற்குப்பின் பெரும்பாலும் செயற்கை மூட்டுப் பொருத்துவதே வழி. ஆகவே, செய்யத்தக்க எதனையும் பந்து அமிழ்வதற்கு முன்னரே செய்தல் வேண்டும். எக்ஸ் கதிர்ப் படம் குற்றமற்றதாகத் தோன்றும் காலமும் அதுவே என்பதுதான் இந்நோயின் கொடுமை.

இதனை நன்குணர்ந்தவர் பிரான்சின் துலூஸ் நகரத்து வைத்தியர் பிக்கா என்பவர். அவரும் அவருடைய தோழர் ஆர்லேயும் 1960களில் ஒரு முறையைக் கையாண்டனர். எலும்பினுள்ளே குழலைச் செலுத்தி மச்சையின் அமுக்கத்தை அளந்தனர். மருந்தைப் பாய்ச்சி இரத்தம் வடியும் வழியை ஆராய்ந்தனர். இறுதியில் எலும்பின் ஒரு துண்டையே குடைந்தெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தனர். இவ்வாறு குடைந்தபோது நோயாளரின் நோவு தணிவதையும் கண்டனர். உள்ளமுக்கத்தைக் குறைப்பதற்காக எலும்பைக் குடையும் சிகிச்சை அதிலிருந்தே வளர்ந்தது. படத்திலே ஒன்றும் தெரியாத நிலையும் நோயின் ஒரு படிநிலையே என்று அவர் வகுத்துக் கூறியது மிக முக்கியமானது. ஆயினும், நோவென்று வந்தவர் எல்லோருடைய எலும்பையும் குடைந்து பார்க்க இயலுமா? கத்தியின்றி மச்சையைக் காணும் கண் ஒன்று தேவையாயிற்று.

அக்கண் வைத்தியசாலையிலே பிறக்கவில்லை. எலும்பையும் நோயையும் பற்றிச் சிந்தியாத பௌதிக விஞ்ஞானிகளின் ஆய்வுகூடத்திலே அது பிறந்தது. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவிலே, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிளொக் என்பாரும், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பேர்செல் என்பாரும் தனித்தனியே ஒரு செய்தியை வெளியிட்டனர். ஐதரசன் அணுவின் கரு ஒரு சிறு காந்தம் போன்றது. வலிய காந்தப்புலத்திலே வைத்தால் அது பம்பரம்போலத் தலைசுற்றி ஆடும். அந்த ஆட்டத்தின் வேகத்துக்கு ஒத்த வானொலி அலையை அதன்மேல் அனுப்பினால், கரு அதனை ஏற்றுக்கொள்ளும். அலையை நிறுத்தியதும் தானும் ஒரு மெல்லிய அலையை வெளிவிடும். இதனைக் காந்தப் பரிவு என்கின்றோம். இக்கண்டுபிடிப்புக்காக இருவரும் 1952ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

வானொலி கேட்பவர்களுக்கு இது விளங்குவது எளிது. தங்கள் பெட்டியின் முள்ளைத் திருப்பி, ஒரு நிலையத்தின் அலைக்கு ஒத்த இடத்திலே நிறுத்தினாலன்றோ அந்நிலையத்தின் பேச்சுக் கேட்கும்? அவ்வாறே ஐதரசன் கருவும் தனக்குரிய அலைக்கு மட்டுமே செவி சாய்க்கும். காந்தம் வலிதாக ஆக, அந்த அலையின் அதிர்வெண்ணும் உயரும். இன்று வைத்தியசாலைகளிற் பெருவழக்காயுள்ள காந்தங்களுள் ஒருவகை 1.5 டெஸ்லா வலிமையுடையது. பூமியின் காந்தப்புலத்திலும் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிது. அதிலே ஐதரசன் கருவுக்குரிய அதிர்வெண் செக்கனுக்கு ஏறத்தாழ 6.4 கோடி. பாட்டையும் செய்தியையும் நம் வீட்டுக்குக் கொணரும் அலைகளின் உறவினமே இதுவும்.

ஒலி கேட்டது, ஆனால் அது எங்கிருந்து வருகின்றது என்பதை அறிவது எப்படி? 1973ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்துப் பேராசிரியர் போல் லோட்டர்பர் அதற்கு வழி சொன்னார். காந்தப்புலத்தை ஒரு பக்கம் வலிதாகவும் மறுபக்கம் மெலிதாகவும் சரிவாக அமைத்தால், ஒவ்வோரிடத்துக் கருவும் வெவ்வேறு அதிர்வெண்ணிலே விடை கூறும். அந்த அதிர்வெண்ணைக்கொண்டு இடத்தை அறிந்து படம் வரையலாம். அவர் முதலில் வரைந்தது தண்ணீர் நிறைந்த இரண்டு சிறு குழாய்களின் படமே. இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பீற்றர் மான்ஸ்பீல்ட் என்பார் இதே துறையிலே தனிவழியில் முன்னேறினார். 1977ஆம் ஆண்டு அவரும் மோட்ஸ்லி என்பாரும், உயிருள்ள மனிதன் ஒருவனின் விரலுடைய குறுக்குவெட்டுப் படத்தை வெளியிட்டனர். எலும்பும் மச்சையும் நாணும் அதிலே தோன்றின. ரொண்ட்ஜன் கண்டதும் கை. காந்தக்கண் முதன்முதலிலே கண்ட உயிருள்ள மனித உறுப்புகளுள் ஒன்றும் கைவிரலே!

1977 ஜூலை 3ஆம் திகதி அமெரிக்காவில் ரேமண்ட் டமேடியன் என்னும் வைத்தியர் மனித மார்பின் படத்தை ஏறத்தாழ ஐந்து மணிநேரம் முயன்று பெற்றார். 1980 ஓகஸ்ட் 28ஆம் திகதி ஸ்கொத்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தார், தாம் கட்டிய இயந்திரத்திலே முதன்முறையாக ஒரு நோயாளரைப் படம்பிடித்தனர். மார்பிலே புற்றுநோயும், ஈரலிலே மாறுபாடும், எலும்புகளிலே பரவிய நோயும் அப்படத்திலே தெரிந்தன. அவ்வியந்திரத்தின் காந்தம் 0.04 டெஸ்லா, அதற்குரிய அதிர்வெண் செக்கனுக்கு ஏறத்தாழ 17 இலட்சம். நாம் மத்திய அலை என்று வழங்கும் வரிசையின் மேல் எல்லைக்குச் சற்று அப்பாலுள்ளது அது. லோட்டர்பரும் மான்ஸ்பீல்டும் 2003ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். டமேடியன் தாம் விடப்பட்டமைக்காகப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் செய்து கண்டித்தார். அந்த வழக்கை இங்கே விரிக்க வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. என்று மக்கள் வழங்கும் காந்தப் பரிவுப் படம் உலகுக்கு வந்துவிட்டது.

எலும்பு நோயை அறிய இது ஏற்றதாயிருப்பது ஏன்? இங்கே ஒரு விநோதம் உண்டு. எலும்பின் வன்மையான ஓடு இப்படத்திலே கருமையாகவே தோன்றும். ஏனெனில் அதிலிருந்து வரும் விடை மிகச் சொற்பம். எக்ஸ் கதிர் எதைக் காட்டியதோ அதனை இது காட்டாது. அது எதைக் காட்டாதோ அதனையே இது காட்டும். மச்சையிலே கொழுப்பும் நீரும் உள. இரண்டிலும் ஐதரசன் மலிந்திருக்கின்றது. கொழுப்பின் விடை ஒருவகை. நீரின் விடை வேறுவகை. நோயுற்ற மச்சையிலே நீர் கோக்கும். அன்றிக் கொழுப்புக் கலங்கள் மடியும். கல்சியம் அணுவளவும் குறையாத காலத்திலேயே அந்த மாற்றம் படத்திலே தோன்றிவிடுகின்றது. வீட்டுச் சுவர் நிமிர்ந்து நிற்க, உள்ளே விளக்கு அணைந்ததைத் தெருவிலிருந்தே அறிவது போன்றது இது.

இனி, இக்கண் திறந்ததால் சில அரிய நோய்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். முதலாவது, நாம் மேலே கூறிய தொடையெலும்புத் தலையின் இறப்பு. காந்தப் பரிவுப் படத்திலே இறந்த பகுதியைச் சூழ்ந்து கோடொன்று வரம்பிட்டாற்போலத் தெரியும். ஒருவகைப் படத்திலே கருங்கோடும் வெண்கோடும் அருகருகே செல்வதை மிச்சல் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் 1987ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். உயிருள்ள எலும்பு இறந்த எலும்பைச் சீர்செய்ய முயலும் எல்லைக்கோடு அது. விபத்தின்றி இந்நோய் வந்தவர்களிலே பாதிப்பேருக்கு மேல் இரண்டு இடுப்புகளும் பாதிக்கப்படுவதுண்டு. ஒருபக்கம் நோகும், மறுபக்கம் மௌனமாயிருக்கும். இப்படம் இரண்டையும் ஒருங்கே காட்டுவதால், மறுபக்கத்தையேனும் காக்க முயலுதற்கு அவகாசம் கிடைக்கின்றது. எல்லா முயற்சியும் வெற்றி பெறுவதில்லை. ஆயினும் அவகாசமே இல்லாதிருந்த இடத்தில் அவகாசம் கிடைத்தமை சிறிய காரியமன்று.

இரண்டாவது நோய் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருவது. 1959ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கேர்ட்டிஸ், கிங்கேய்ட் என்னும் வைத்தியர்கள், கருவுற்ற மூன்று பெண்களைப் பற்றி எழுதினர். பேறுகாலம் நெருங்கிய மாதங்களில் அவர்களுக்கு இடுப்பிலே கடும் நோவு உண்டாகி, எலும்பின் கனிப்பொருள் குறைந்து, பின்னர் தானாகவே சுகமாயிற்று. நடுவயது ஆண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. 1988ஆம் ஆண்டு வில்சன் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும், எக்ஸ் கதிர் ஒன்றும் காட்டாத நிலையிலும் இத்தகையோரின் மச்சையிலே நீர் கோத்திருப்பதைக் காந்தப் பரிவுப் படத்திற் கண்டனர். இறந்த எலும்பைச் சூழும் வரம்புக்கோடு இதிலே இல்லை. ஊன்றுகோல் கொண்டு பாரத்தைக் குறைத்துச் சில மாதங்கள் பொறுத்திருந்தால் பெரும்பாலும் முற்றும் மாறிவிடும். இரண்டு நோய்க்கும் நோவு ஒன்றே; இடமும் ஒன்றே. ஒன்றுக்கு விரைவு வேண்டும். மற்றதற்குப் பொறுமை வேண்டும். வேறுபாட்டை அறியாது குடையவேண்டாத எலும்பைக் குடைவதும் தீங்கே அன்றோ? வயிற்றிலே பிள்ளையோடு வருபவளுக்குக் கதிர் படாமலே இவ்வேறுபாட்டை அறியக் கிடைத்தமை அதனினும் பெரிய உதவி.

மூன்றாவது, மூட்டுக்குள்ளே நேரும் ஒரு விந்தை. மூட்டின் உட்சுவராகிய மெல்லிய சவ்வு தடித்து, மயிர்க்குச்சமும் முடிச்சும்போல வளர்ந்து, அடிக்கடி இரத்தம் கசியும் ஓர் அரிய நோய் உண்டு. முழங்காலிலே அது மிகுதி. நியூயோர்க்கின் ஜாபே, லிக்டன்ஸ்டைன், சுற்றோ என்னும் மூவர் 1941ஆம் ஆண்டிலே அதனை வகுத்துப் பெயரிட்டனர். இளவயதினரின் முழங்கால் காரணமின்றி வீங்கும். நீரை எடுத்தால் இரத்தம் கலந்திருக்கும். எக்ஸ் கதிரிலே வீக்கத்தின் சாயலைத் தவிர யாதும் தெரியாமலும் போகலாம். கசிந்த இரத்தத்தின் இரும்பு அச்சவ்விலே துருப்போலப் படிந்து கிடக்கும். இரும்பு காந்தத்தைக் குழப்பும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். அவ்வாறே அந்தத் துரு தன்னைச் சூழ்ந்த காந்தப்புலத்தைக் குழப்பி, படத்திலே கருமையான திட்டாகத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கின்றது. நோயின் அடையாளம் நோயினாலேயே எழுதப்பட்டிருப்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

நான்காவது, சிறுவரைப் பற்றியது. 1972ஆம் ஆண்டு கீடியோன் என்னும் வைத்தியரும் பிறரும் பிள்ளைகளின் எலும்பிலே பல இடங்களில் மாறி மாறி வரும் ஓர் அழற்சியை விவரித்தனர். காறையெலும்பு, கணைக்கால் எலும்பு, முதுகெலும்பு என்று அது பல இடங்களிலே தோன்றும், சிலகாலம் ஓயும், மீண்டும் வரும். கிருமி தொற்றியதாகக் கருதி மருந்து கொடுத்தால் பலனில்லை. ஏனெனில் அங்கே கிருமியே இல்லை. புற்றுநோயோ என்று பெற்றோர் கலங்குவர். எலும்பைத் துண்டெடுத்துச் சோதிப்பர். அடுத்த ஆண்டு வேறோரிடத்தில் நோகும், மறுபடியும் துண்டெடுப்பர். இன்று உச்சி முதல் உள்ளங்கால் வரை முழுவுடலையும் காந்தப் பரிவு முறையிற் படமெடுத்தல் கூடும். பிள்ளை நோவென்று சொல்லாத இடங்களிலும் அழற்சி இருப்பதை அது காட்டிவிடுகின்றது. பல இடங்களில், அதற்குரிய இடங்களில், அது பரந்திருப்பதே நோயின் பெயரைச் சொல்லப் பெரிதும் உதவுகின்றது. முற்றாக இல்லாவிடினும், கத்தியின் தேவை குறைந்திருக்கின்றது.

இவ்வளவு கேட்டபின், “இனி எலும்பு நோய்க்குப் படம் ஒன்றே போதும்” என்று எவரேனும் முடிவு செய்தல் ஆகாது. மச்சையிலே நீர் கோத்திருக்கின்றது என்பது ஒரு குறியேயன்றி நோயின் பெயரன்று. அடிபட்டாலும் நீர் கோக்கும். கிருமி புகுந்தாலும் கோக்கும். கட்டி வளர்ந்தாலும் கோக்கும். எலும்புக் கட்டிகளின் இயல்பை அறிய இன்றும் பழைய எக்ஸ் கதிர்ப் படத்தையும் அருகில் வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. கடலை விதையளவான எலும்புக்கட்டி ஒன்றுண்டு. இரவிலே நோவை எழுப்பும். ஆஸ்பிரின் அருந்தினால் தணியும். காந்தப் படத்திலே அதனைச் சூழ்ந்த நீர்க்கோவையே பெரிதாகத் தெரிந்து, கட்டியை மறைத்துவிடக் கூடும். கணினியோடிணைந்த எக்ஸ் கதிர் வெட்டுப்படமே அதனைத் தெளிவாகக் காட்ட வல்லது.

குறைத்துக் காண்பது போலவே மிகைத்துக் காண்பதும் உண்டு. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரிலே 50 முதல் 90 வயதுக்குட்பட்ட 991 பேரின் முழங்கால்களைப் படமெடுத்து ஆராய்ந்த முடிவு 2008ஆம் ஆண்டு வெளியாயிற்று. முழங்காலின் உட்சில்லு கிழிந்திருந்தவர்களிலே 61 சதவீதத்தினருக்கு முந்திய மாதத்தில் எவ்வித நோவோ விறைப்போ இருக்கவில்லை. நோவு இருந்து படத்திலே ஒன்றும் தெரியாத துன்பத்தை முன்னே கண்டோம். படத்திலே குறை தெரிந்து நோவு இல்லாத நிலையை இங்கே காண்கின்றோம். படத்திலே தெரிந்த குறைதான் நோயாளரின் நோவுக்குக் காரணம் என்று உறுதி செய்யாமல் கத்தியை எடுப்பது, காணாமலே இருந்த காலத்தினும் தீங்கானது.

இவையன்றி நடைமுறைத் தடைகளும் உள. இயந்திரம் பெருவிலையுடையது; அதன் காந்தச் சுருளைக் குளிர்விக்கத் திரவ ஈலியம் வேண்டும். நோயாளர் ஒடுங்கிய குழலுக்குள்ளே பேரிரைச்சலின் நடுவே அசையாது கிடத்தல் வேண்டும். உடலினுள்ளே சில வகை உலோகப் பொருள்களோ, இதயத்தை இயக்கும் கருவிகளோ உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே சொல்லுதல் இன்றியமையாதது. இவையெல்லாம் அறிந்து, யாருக்கு இப்படம் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று தெரிந்தெடுத்தல் வைத்தியரின் கடமை.

இந்த வரலாற்றிலே ஒன்று தெளிவாகின்றது. ஒவ்வொரு கருவியும் தனக்குத் தெரிந்ததையே காட்டுகின்றது. கல்சியத்தை அறிந்த கதிர் கல்சியத்தைக் காட்டியது. ஐதரசனை அறிந்த அலை ஐதரசனைக் காட்டுகின்றது. தனக்குத் தெரியாததை இல்லையென்று அவை சொல்லுவதில்லை. அவ்வாறு சொல்லுபவன் மனிதனே. லெக் முதலியோர் காசநோய் என்ற பொதுப்பெயரோடு அமைதி கொண்டிருந்தால் சிறுவரின் நோய் பெயர் பெற்றிராது. பிக்கா, குற்றமற்ற படத்தைக் கையிலே வைத்துக்கொண்டும், நோவென்று சொன்னவரின் சொல்லை நம்பினார். ஆதலினாலேயே படத்துக்கு அப்பாற் தேடினார். கருவி வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, காணவேண்டியது இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகையால், நேயர்களே, மாதக்கணக்காக மாறாத மூட்டு நோவும், காரணமின்றி நொண்டும் பிள்ளையும், அடிபடாமலே வீங்கும் முழங்காலும் அலட்சியம் செய்யத்தக்கனவல்ல. முதற் படத்திலே ஒன்றும் தெரியாவிட்டாலும், நோவு நீங்காதாயின் மீண்டும் வைத்தியரிடம் சென்று, தொடங்கிய நாளையும் உட்கொண்ட மருந்துகளையும் செய்யும் தொழிலையும் ஒளிக்காது சொல்லுதல் வேண்டும். எந்த இடத்தை, எந்தக் கருவியால், எப்போது பார்ப்பது என்பதை வைத்தியருக்கு உணர்த்துவது அந்தச் சொல்லே. எலும்பின் உள்ளே நிகழ்வதைக் காண மனிதன் ஆக்கிய கண்களுள் காந்தக்கண் மிகக் கூரியது. அதனை எங்கே திருப்புவது என்று காட்டுவது இன்றும் நோயாளரின் வாய்மொழியே.